பேசுவது யார்?

கையெழுத்தைப் பார்த்தே கடிதம் எழுதியவரை அறிந்துகொண்ட காலம் மலையேறிவிட்டது. கைபேசியில் நம்முடன் உரையாடுவது மனிதனா, யந்திரமா என்ற சந்தேகம் இன்று சாமானிய ஜனங்களையும் பற்றிக்கொண்டிருக்கிறது. இக்கேள்வியை ஒரு தெளிவான பரீட்சையாக வகுத்துத் தந்தவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித மேதை. அவருடைய சரித்திரம் பொதுப்பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத் தக்கது.

டூரிங் 1912-ஆம் வருஷம் ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை சென்னை ராஜதானியில் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர். தாயாரோ நமது போத்தனூரில் பிறந்தவர். பெற்றோர் இங்கே உத்தியோக நிமித்தம் தங்கியிருக்க, பிள்ளை இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தான். கேம்பிரிட்ஜில் பயின்று, 1936-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, விதிகளாக வகுக்கக்கூடிய எக்கணக்கையும் ஒரே யந்திரம் செய்ய இயலும் என்று காட்டிற்று. இன்றைய கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்கு அதுவே அஸ்திவாரம்.

1939-இல் யுத்தம் மூண்டதும் பிளெட்ச்லி பார்க்கில் ரகசிய வேலைக்கு அமர்ந்தார். ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதங்களை உடைக்கும் யந்திரத்தை வகுத்தார். நீர்மூழ்கிகளிடமிருந்து எத்தனையோ கப்பல்கள் தப்ப அது உதவிற்று. ஆயினும் அந்தத் தொண்டு பல்லாண்டுகள் உலகறியாத ரகசியமாகவே இருந்தது.

1950-இல் மைண்ட் என்னும் தத்துவப் பத்திரிகையில் அவர் தமது பரீட்சையை வெளியிட்டார். மறைவில் ஒரு மனிதரும் ஒரு யந்திரமும் இருக்க, பரீட்சகர் எழுத்து மூலமாகவே கேள்வி கேட்டு, எது யந்திரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். யந்திரம் கணக்கில் வேண்டுமென்றே தாமதித்துப் பிழையும் செய்து மனிதனைப்போல் நடிக்கலாம் என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார்.

நடிப்பைச் சோதிக்கும் பரீட்சையை வகுத்தவருக்குத் தம் வாழ்வில் நடிக்கத் தெரியவில்லை. 1952-இல் தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிப் போலீஸாரிடம் புகார் செய்தார். விசாரணையில், மற்றோர் ஆடவருடன் தமக்கு உறவு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, தம் கைப்படவே வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். அக்காலச் சட்டப்படி அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்து செலுத்தப்பட்டது. சர்க்காரின் ரகசிய வேலையும் அவருக்கு மறுக்கப்பட்டது. 1954 ஜூன் 7-ந் தேதி, தமது 41-ஆவது வயதில், ஸயனைட் விஷத்தால் மாண்டார். தற்கொலை என்று தீர்ப்பாயிற்று. பிரிட்டிஷ் பிரதம மந்திரி 2009-இல் வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரசியின் மன்னிப்பு கிடைத்தது. மாண்டவருக்கு இவற்றால் என்ன பயன்?

2025-இல் கலிபோர்னியா ஸான் டீகோ சர்வகலாசாலையார் ஐந்து நிமிஷ உரையாடல்களைக் கொண்டு அப்பரீட்சையை நடத்தினர். மனிதனைப்போல் நடிக்கும்படி பணிக்கப்பட்ட ஜிபிடி-4.5 என்னும் யந்திரத்தையே நூற்றுக்கு 73 தடவை மனிதரென்று பரீட்சகர்கள் தேர்ந்தனர். ஆகவே, சொல்லின் நயத்தைக் கொண்டு மனிதனை அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கை இனிச் செல்லாது.

பின் எதைக் கொண்டு காண்பது? சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பவன் மனிதன். டூரிங் தம் சொல்லுக்காகவே தண்டனையை ஏற்றார். யந்திரத்தைச் சிறையிடவும் முடியாது, அதற்கு வெட்கமும் கிடையாது. பொதுஜன அபிப்பிராயம் என்று ஆயிரம் செய்திகள் வந்து குவியலாம். அவற்றின் பின்னால் ஒரு மனிதன்கூட இல்லாமலிருக்கலாம். வாக்காளரை ஏமாற்ற முயலும் யந்திரம் தன்னை யந்திரமென்று அறிவித்தாக வேண்டுமெனக் கலிபோர்னியா ராஜ்யம் 2019 முதல் சட்டத்தை அமல் நடத்துகிறது. அத்தகைய பாதுகாப்பை எங்கும் ஜனங்கள் கோரிப் பெறவேண்டும். அதுவரை, பெயரும் பொறுப்பும் இல்லாத சொல்லுக்குச் செவி சாய்ப்பதில்லை என்ற விரதத்தையேனும் நாம் மேற்கொள்வோமாக.