வால்ட் விட்மன்

வால்ட் விட்மன் (மே 31, 1819 – மார்ச் 26, 1892) புகழ்பெற்ற அமெரிக்கக் கவிஞர் ஆவார். நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் பிறந்தார். இவரது புல்லின் இதழ்கள் என்னும் கவிதைத் தொகுப்பு 1855 இல் வெளியானது.

அரசுப் பணி

உள்நாட்டுப் போரின்போது வாசிங்டன் மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றிய விட்மன், 1865 சனவரியில் உள்துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். சூன் 30 அன்று துறைச் செயலர் ஜேம்ஸ் ஆர்லன் இவரைப் பணிநீக்கம் செய்தார். இவரது கவிதைகளை ஆர்லன் ஒழுக்கக்கேடானவையாகக் கருதியதே இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. நண்பர் வில்லியம் ஓ'கானரின் முயற்சியால் மறுநாளே அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் இவருக்கு வேலை கிடைத்தது. 1873 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். 1874 இல் அப்பணியும் முடிவுக்கு வந்தது. நியூ செர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் காலமானார்.

மறுநியமன முன்னுரிமை

விட்மனுக்கு மீண்டும் வேலை கிடைத்தது நண்பரின் செல்வாக்கினாலேயே அன்றி உரிமையினால் அன்று. அதே காலத்தில் ஆர்லனால் நீக்கப்பட்ட மற்ற எழுத்தர்கள் மறுநியமனம் கோருவதற்குப் பொதுவான விதி எதுவும் இருக்கவில்லை. 1865 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம் போரில் உடல் ஊனமுற்ற வீரர்களுக்கு மட்டுமே நியமன முன்னுரிமை அளித்தது. 1883 ஆம் ஆண்டின் பெண்டில்டன் சட்டம் போட்டித் தேர்வு முறையை ஏற்படுத்தியது. ஆட்குறைப்பினால் வேலையிழந்த கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கு மறுநியமனத்தில் முன்னுரிமை தரும் விதிகள் பிற்காலத்திலேயே உருவாயின.