அருளானந்தர் தனியாக நிற்கவில்லை



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 4ஆம் நாள், புனித ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தரின் திருவிழாவை நாம் கொண்டாடுகிறோம். ஓரியூரின் செம்மண்ணைப் பற்றியும், அங்கே அவர் சிந்திய இரத்தத்தைப் பற்றியும் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவருடைய துணிவைக் கண்டு வியக்கிறோம். ஆனால் அந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது சிந்தித்திருக்கிறோமா?

இறைவன் தந்தது என்று உடனே சொல்லிவிடுவோம். அது முற்றிலும் உண்மை. ஆயினும் இறைவன் அந்த அருளை யார் வழியாக அவருக்குத் தந்தார் என்று பார்க்கும்போது, அவருடைய வாழ்க்கை நமக்கு இன்னொரு பாடத்தையும் கற்றுத் தருகிறது. அவரைச் சுற்றி எப்போதும் ஒரு சிறிய நம்பிக்கையாளர் கூட்டம் இருந்தது. அவர் அவர்களைத் தாங்கினார். அவர்களும் அவரைத் தாங்கினார்கள்.

தருமபுரியில் வாழும் நமக்கு இந்தப் பாடம் மிகவும் தேவையானது. நம்முடைய கிளைக் கிராமங்கள் பலவற்றில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. மழையை நம்பிய விவசாயம் கைகொடுக்காத ஆண்டுகளில் இளையோர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் மட்டும் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டத்திற்கு ஆறேழு பேர் வந்தாலே பெரிது என்ற நிலை சில இடங்களில் உண்டு. இத்தனை சிறிய கூட்டத்தால் என்ன செய்துவிட முடியும் என்ற சோர்வு நமக்குள் எழுகிறது. அருளானந்தரின் வாழ்க்கை இந்தச் சோர்வுக்குப் பதில் சொல்கிறது.

அரண்மனையிலிருந்து மதுரை மறைப்பணிக்கு

ஜான் தெ பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் பிறந்தார். உயர்குடிக் குடும்பம். தந்தை பிரேசில் நாட்டில் அரசுப் பொறுப்பில் இருந்தபோது இறந்துவிட்டார். சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசர் பேதுருவுடன் வளர்ந்தார். பதினோரு வயதில் அவர் கடும் நோயில் விழுந்தபோது, அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ச்சை செய்தார். மகன் பிழைத்தார். நேர்ச்சையின்படி ஓராண்டு முழுவதும் அந்தச் சிறுவன் இயேசு சபையினரின் அங்கியை அணிந்து அரண்மனையில் நடமாடினார்.

அந்த ஓராண்டு உடை பின்னர் வாழ்நாள் உடையானது. 1662 டிசம்பரில் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, அதே ஆண்டு கப்பலேறி கோவா வந்து சேர்ந்தார். நேர்ச்சை செய்து மகனைப் பெற்றுக்கொண்ட அதே தாய், அவரைப் போகவிடாமல் தடுக்கப் பெரிதும் முயன்றார். தாயுள்ளம் அல்லவா! எனினும் மகனின் அழைத்தல் உறுதியாக இருந்தது.

1674இல் அவர் கேரளக் கரையிலிருந்து மேற்கு மலைகளைக் கடந்து, சத்தியமங்கலம் வழியாகத் தமிழகத்திற்குள் வந்தார். அப்போது அவருக்கு வயது 27. நம் பகுதிக்கும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், மைசூர் மறைப்பணியைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் கால்நடையாக வந்து நற்செய்தியை விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரை மறைப்பணியில் ராபர்ட் தெ நொபிலி காட்டிய வழியில், அருளானந்தரும் தமிழ்த் துறவியாகவே வாழ்ந்தார். காவி உடை உடுத்தினார். புலால் உண்ணவில்லை. அவர் ஏற்றது பண்டாரசாமி என்ற துறவு நிலை. பிராமணத் துறவியைப் போல வாழ்ந்த குருக்களால் அன்றைய சாதிக் கட்டுப்பாடுகளின் காரணமாக எளிய மக்களோடு கலந்து பழக முடியவில்லை. பண்டாரசாமிகள் எல்லாச் சாதியினரையும் சந்திக்க முடிந்தது. ஆகவே அந்த நிலையை ஏற்ற நாளிலிருந்தே, அருளானந்தரின் வாழ்வு எளிய மக்களின் வாழ்வோடு பிணைந்துவிட்டது.

உபதேசியார்கள் தாங்கிய திருச்சபை

அந்தக் காலத்தை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரை மறைப்பணியின் பரப்பு மிகப் பெரியது. குருக்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மதுரை, தஞ்சை, மைசூர் அரசுகளுக்கு இடையே ஓயாத போர். 1677இல் சிவாஜியின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. போரும் பஞ்சமும் மாறி மாறி வந்தன. ஓர் ஊருக்குக் குரு ஒருமுறை வந்துவிட்டுப் போனால், மீண்டும் வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். சில இடங்களில் ஆண்டுகளும் ஆகும்.

அப்படியானால் அந்த மக்களின் விசுவாசம் எப்படி நிலைத்தது? ஊருக்கு ஊர் உபதேசியார்கள் இருந்தார்கள். இவர்கள் பெரும்பாலும் குடும்பத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார்கள். குழந்தைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார்கள். நோயாளிகளின் அருகில் அமர்ந்தார்கள். குரு இல்லாத நேரத்தில் சாகும் நிலையில் இருந்தவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார்கள். குரு வரும்போது, ஆயத்தம் செய்யப்பட்ட மக்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

1686ஆம் ஆண்டு மே மாதம் அருளானந்தர் மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். பல ஆண்டுகளாகக் குரு எவரும் போக இயலாதிருந்த பகுதி அது. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் அவர் 2000க்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்தார். இதைக் கேட்கும்போது நாம் அவருடைய உழைப்பை மட்டும் பாராட்டுகிறோம். அத்தனை பேருக்கும் வீடு வீடாகச் சென்று கற்பித்து ஆயத்தப்படுத்திய உபதேசியார்களை மறந்துவிடுகிறோம். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நம் காதுகளை எட்டவில்லை. ஆண்டவர் அவர்களை அறிவார்.

அந்த ஜூலை மாதத்தில் அருளானந்தர் மங்கலம் அருகே பிடிபட்டார். அவரோடு உபதேசியார்களும் பிடிபட்டார்கள். கட்டி வைத்து அடித்தார்கள்; மூச்சுத் திணறும்வரை நீரில் அமிழ்த்தினார்கள்; சுடுவெயிலில் கரடுமுரடான பாறையில் கிடத்தி மிதித்தார்கள். விசுவாசத்தைக் கைவிட்டால் விடுதலை என்ற நிலை. அந்த உபதேசியார்களுக்கு மனைவி மக்கள் இருந்தார்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை. குருவைப் பார்த்து அவர்கள் திடம் கொண்டார்கள்; அவர்களைப் பார்த்துக் குருவும் திடம் கொண்டார். இறுதியில் இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி அவர்களை விசாரித்து, இனி மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார்.

ஒரு நோயாளியின் படுக்கை அருகே

மறைப்பணியின் பிரதிநிதியாக அருளானந்தர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1687இல் லிஸ்பன் சேர்ந்தார். இளமைத் தோழர் பேதுரு இப்போது போர்ச்சுக்கல் அரசர். அவர் அருளானந்தரைத் தம்மருகே வைத்துக்கொள்ள விரும்பினார். தாயும் அங்கே இருந்தார். வசதி, மதிப்பு, பாதுகாப்பு எல்லாம் அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தன. ஆனால் அவருடைய உள்ளம் தமிழகத்தின் குடிசைக் கோயில்களில் காத்திருந்த மக்களிடம் இருந்தது. 1690இல் மீண்டும் கோவா வந்து, அடுத்த ஆண்டு மறவர் நாட்டின் காட்டுப் பகுதிகளில் தம் பணியைத் தொடர்ந்தார்.

அவருடைய மறைசாட்சியத்திற்குக் காரணமான நிகழ்ச்சியிலும் ஓர் உபதேசியார்தான் முதலில் வருகிறார். தடியத் தேவர் என்ற சிற்றரசர் தீராத நோயால் வாடினார். கிறிஸ்தவக் குருவை அழைத்துவர ஆள் அனுப்பினார். அருளானந்தர் தம் உபதேசியாரை அனுப்பினார். அந்த உபதேசியார் படுக்கை அருகே நின்று செபித்து நற்செய்தியை வாசித்தார். தடியத் தேவர் நலம் பெற்றார். திருமுழுக்குப் பெற விரும்பினார். ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றார். 1693ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, பலரோடு சேர்ந்து அவரும் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கி வைக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதியின் உறவினர். அவருடைய முறையீட்டால் இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். தடியத் தேவர் தம் குருவுக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. தலைநகரில் தண்டனையை நிறைவேற்றினால் கலகம் எழலாம் என்ற அச்சத்தில், அவர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில், கரியை நீரில் கரைத்து மையாக்கி, தம் உடன்பணியாளர்களுக்கு மடல் எழுதினார். சாவின் விளிம்பிலும் அவருடைய எண்ணம் தம் குழுமத்தோடுதான் இருந்தது. மறுநாள், 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன். அன்று அவர் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று நமக்கு

புனிதரின் இந்த வாழ்வை நம் பங்கு வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1997 ஜனவரி 24 அன்று சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது நம் தருமபுரி மறைமாவட்டம். ஆனால் கோவிலூர் போன்ற நம் பழைய பங்குகளின் விசுவாசம் அதற்கும் வெகு காலம் முந்தியது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின்பு, தமிழகம் எங்கும் குருக்கள் மிகவும் அரிதாகிப் போனார்கள். அந்த வறண்ட ஆண்டுகளில், மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொன்ன குடும்பங்களும் உபதேசியார்களும்தான் விசுவாசத்தை அணையாமல் காத்தார்கள். நாம் அவர்களின் பேரப்பிள்ளைகள்.

கடன் சுமையால் உறக்கம் இழந்த ஒரு குடும்பத்தலைவர், கணவரின் குடிப்பழக்கத்தால் கண்ணீர் வடிக்கும் ஒரு தாய், பிள்ளைகள் வெளியூரில் இருக்க நோயில் கிடக்கும் ஒரு முதியவர், இவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கடவுள் கைவிட்டுவிட்டாரோ என்று இவர்கள் கலங்கும்போது, அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவர்கள் நாம். அன்பியத்தின் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு நோயாளியின் அருகே அமர்ந்து நற்செய்தி வாசித்தால், தடியத் தேவரின் படுக்கை அருகே நின்ற அந்த உபதேசியாரின் பணியையே நாம் செய்கிறோம். வெளியூருக்கு வேலைக்குச் செல்லும் நம் இளையோரை அந்த ஊர்ப் பங்கோடு இணைத்துவிடுவதும், மாதம் ஒருமுறையாவது அவர்களோடு பேசி விசாரிப்பதும் இதே பணிதான்.

அதே வேளையில், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. திருவிழாத் தேரிலும் கல்லறையிலும் சாதி பார்க்கின்ற ஒரு கூட்டம் யாருக்கு வலிமை தர முடியும்? வரிக்கணக்கில் தொடங்கிய சண்டையால் ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் ஒரே கோயிலில் அமர்ந்திருப்பவர்கள், நற்கருணையில் எந்த உடலோடு ஒன்றிக்கிறார்கள்? எல்லாரோடும் பழகுவதற்காகவே பண்டாரசாமி ஆனவரின் விழாவைக் கொண்டாடும் நாம், பக்கத்து வீட்டாரோடு ஒப்புரவாகாமல் அவருக்கு மாலை சூட்டுவதில் பொருளில்லை.

ஆகவே இந்தத் திருவிழாவில் நாம் ஒரு சிறிய தீர்மானம் எடுப்போம். நம் அன்பியத்தில் நெடுநாளாக வராதிருக்கும் ஒரு குடும்பத்தை இந்த வாரமே சென்று சந்திப்போம். குறை சொல்லவோ அறிவுரை கூறவோ வேண்டாம். உடன் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, சேர்ந்து ஒரு செபம் சொல்வோம். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

புனித அருளானந்தரே, சிறிய கூட்டமாகிய நாங்கள் ஒருவரை ஒருவர் தாங்கி வாழ, எங்களுக்காக இறைவனை மன்றாடும். ஆமென்.