கடல்நாயின் மூச்சை அளந்த பெரியார்

கடல்நாயும் திமிங்கிலமும் மீன்களல்ல. நம்மைப்போல் நுரையீரலால் உயிர்ப்பவை. ஆயினும், நாம் ஓரிரு நிமிடந் தங்குதற்கும் அரிய நீரடியில், அவற்றுட் சில ஒரு மணி நேரத்திற்கு மேலும் தங்குகின்றன. இஃது எங்ஙனம் இயலும் என்று ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் பெர் ஸ்கோலாண்டர். அன்னாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவர் 1905-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்திற் பிறந்து நார்வேயில் வளர்ந்தார். ஆஸ்லோ சர்வகலாசாலையில் 1932-இல் வைத்தியப் பட்டமும், 1934-இல் தாவர சாஸ்திரத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். பின்னர் அவர் கருத்து நீருள் மூழ்கும் பிராணிகள்பாற் சென்றது.

மூழ்கும் பிராணி காற்றை நிரம்ப உட்கொண்டே மூழ்குமென நாம் எண்ணுதல் இயல்பு. கடல்நாயோ மூச்சை வெளிவிட்டே மூழ்குகின்றது. அதன் பிராணவாயு பெரும்பாலும் இரத்தத்திலும் தசையிலுமே சேமிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கோலாண்டர் கடல்நாயைப் பிணித்து நீருள் ஆழ்த்தி, அதன் இரத்தத்தை இடையிடையே எடுத்துச் சோதித்தார். நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 முறை துடித்த இருதயம் 10 முறையளவிற்குத் தணிந்தது. பிராணவாயு குன்றியவழித் தசைகளில் தோன்றும் லாக்டிக் அமிலம், மூழ்கியிருந்த பொழுது இரத்தத்தில் மிகவில்லை. மேலெழுந்து மூச்சுவிட்ட பின்னரே பெருகிற்று. ஆகவே, மூழ்கிய காலத்துத் தசைகளுக்கு இரத்தம் செல்லாது தடைப்படுகின்றதென்றும், இரத்தத்திலுள்ள பிராணவாயு மூளைக்கும் இருதயத்திற்குமே காக்கப்படுகின்றதென்றும் அவர் துணிந்தார். பஞ்சகாலத்துக் குடும்பத்தலைவி இருக்கும் சோற்றைக் குழந்தைகட்கே பங்கிடுதல் போன்றது இது. இம்முடிபுகள் 1940-இல் நூலாக வெளிவந்தன.

1939-இல் அமெரிக்கா சென்ற அவர், 1958-இல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்து, ஆங்கோர் உடலியல் ஆராய்ச்சிசாலையை நிறுவினார்.

ஆயினும், கட்டுண்டு நீரில் ஆழ்த்தப்பட்ட பிராணி, எப்பொழுது மூச்சுவிடக் கூடுமென்பதை அறியாது. அதன் நிலை, தன் விருப்பால் மூழ்குவதன் நிலையாகுமோ? அவ்வாராய்ச்சிசாலையிற் பணிபுரிந்த கூய்மன் என்பாரும் பிறரும், அண்டார்டிக் பனிக்கடலில் தன்னிச்சையாய் மூழ்கும் வெடெல் கடல்நாய்களைச் சோதித்தனர். ஏறத்தாழ 20 நிமிடத்திற்குட்பட்ட மூழ்குதலில், மேலெழுந்த பின்னும் அமிலம் பெருகவில்லை. நெடிது மூழ்கியவழியே பெருகிற்று. எனவே, ஸ்கோலாண்டர் கண்ட கடுஞ்செட்டு அன்றாட வழக்கமன்று. நெருக்கடிக்கென வைத்த காவலே என்பது புலனாயிற்று. இம்முடிபு 1980-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஸ்கோலாண்டர் காலமானார்.

அவர் அளந்தது பொய்த்திலது. அதன் எல்லையே தெளிவுற்றது. தாம் எழுப்பிய மனையிலேயே தம் முடிபைத் திருத்துவோர்க்கும் இடமளித்த பெரியாரை மாணவராகிய நாம் மறத்தல் தகாது.