தம் உடலில் அளந்த ஆழம்

முக்குளிக்கும் கடற்படை வீரருக்கு இரட்டைக் குழாய்ச் சுவாசக் கருவி சீராகக் காற்றைத் தரும். ஆனால், ஆழத்தின் அழுத்தத்தில் அக்காற்றை உடல் எவ்வளவு தாங்கும் என்பதைக் கருவி சொல்லாது. அதைத் தம் உடலில் சோதித்தறிந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

1892-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். முக்குளிப்போர் படிப்படியாக மேலேறும் முறையைப் பிரிட்டிஷ் கடற்படைக்கு வகுத்தளித்தவர் இவருடைய தந்தை. 1939 ஜூனில் சோதனை ஓட்டத்தின்போது தெட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர்; அவர்களுள் பலர் கப்பல் கட்டும் தொழிலாளர்கள். தொழிற்சங்கங்கள் ஹால்டேனை நாடின. எஃகு அறைக்குள் தாமே அமர்ந்து அழுத்தத்தைக் கூட்டச் செய்தார் அவர். உயிர் காக்கும் ஆக்சிஜன் எந்த அழுத்தத்தில் நஞ்சாகிறது என்று ஆராய்ந்தபோது வலிப்பு வந்து முதுகெலும்புக் கணுக்கள் நசுங்கின. போர்க்கால முக்குளிப்போருக்கு வரம்பு வகுக்க அந்த ஆய்வுகள் உதவின.

1957-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் இந்தியக் குடிமகனானார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் மறைந்தார். அவரது விருப்பப்படி, உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

ஓசூர் முதலான தொழில் நகரங்களின் ஆலைச் சுவர்களில் காணும் பாதுகாப்பு விதிகளும் யாரோ பட்ட நோவிலிருந்து பிறந்தவையே. அவற்றை வெறும் சடங்காகக் கொள்ளலாகாது.