அறிவியலறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் எந்த வீட்டினுள் நுழைந்தாலும் அடுக்களையில் உப்பு இருக்கும். துணிப்பெட்டியில் பாச்சை உருண்டையும் இருக்கக்கூடும். அவ்வுருண்டை நாப்தலீன் என்னும் பொருளால் ஆயதாயின், அதுவும் உப்பைப் போலவே வெண்படிகமே. ஆயினும், உப்பை உருக்க 800 பாகைச் சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். நாப்தலீன் 80 பாகையிலேயே உருகிவிடும்.

வேற்றுமைக்குக் காரணம் அணுக்களின் பிணைப்பு ஆகும். உப்பில் சோடியம் அணு தன் மின்னணு ஒன்றைக் குளோரின் அணுவுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகம் முழுவதும் இறுகிக் கிடக்கின்றன. நாப்தலீனிலோ அணுக்கள் மின்னணுக்களைப் பங்கிட்டுக்கொண்டு தனித்தனி மூலக்கூறுகளாகின்றன. முன்னது அயனிப் பிணைப்பு, பின்னது சகப்பிணைப்பு. பங்கிட்ட மின்னணுக்கள் மூலக்கூறினுள் எங்கே உலவுகின்றன? கண்ணுக்கும் எட்டாத இதனை அறிய வழி கண்டவருள் ஒருவர் நம் தமிழ்நாட்டவர்.

காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை கற்பிக்கும் பணியும் ஏற்றார். நண்பகல் இடைவேளையில் அவர் நடத்திய அறிவியல் உரையாடலுக்குப் பிற கல்லூரி மாணவரும் வந்து கூடுவராம்.

பின்னர்க் கல்கத்தா சென்று இராமனுடன் ஆய்வில் ஈடுபட்டார். 1928இல் இராமன் விளைவை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. நோபெல் பரிசு 1930இல் இராமனுக்கு வழங்கப்பெற்றது. அதற்கு முன்னரே, 1928ஆம் ஆண்டின் இறுதியில், கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார். பெருங்கண்டுபிடிப்பு ஒன்றில் பங்குகொண்ட அவர், அங்கே முற்றிலும் வேறானதொரு துறையைத் தொடங்கினார்.

அவர் கையாண்ட முறை வியக்கத்தக்க அளவு எளியது. மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்தமுனைகளுக்கிடையே தொங்கவிடுவார்; இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்குவார். காந்தப்புலம் படிகத்தைத் திரும்ப விடாது பிடித்திருக்கும். முறுக்கு ஓர் எல்லையைக் கடந்ததும் படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அக்கோணத்தைக் கொண்டு, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணக்கிடலாம்.

உப்புப் படிகத்துக்கு எத்திசையும் ஒன்றே. முறுக்கிய பக்கமெல்லாம் அது திரும்பும். நாப்தலீன் அவ்வாறன்று. அதன் மூலக்கூறு தட்டையானது. அதிலுள்ள மின்னணுக்களுட் சில, இரண்டு அணுக்களுக்கிடையே மட்டும் கட்டுண்டு நில்லாமல், கரி அணுக்களாலான வளையம் முழுவதும் உலவுகின்றன. ஆகவே, தட்டுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தன்மை மிகுந்து காணப்படும். இவ்வேறுபாட்டை அளந்து, மூலக்கூறுகள் படிகத்தினுள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதைக் கிருஷ்ணன் கூறினார். எக்ஸ்-கதிர் ஆய்வாளர் வேறு வழியில் கண்ட முடிபுகளும் அவற்றோடு பொருந்தின. பென்சிலில் உள்ள கிராபைட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை!

1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பிய பின்னும் இவ்வாய்வு தொடர்ந்தது. படிக ஆய்வில் புகழ்பெற்ற காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் அவரும் இணைந்து எழுதிய கட்டுரை 1936இல் வெளிவந்தது. 1940இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1947இல் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அத்தனை அலுவல்களுக்கிடையிலும் தமிழில் அறிவியல் எழுதுவதை அவர் மறக்கவில்லை. 1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தில்லியில் காலமானார்.