மரத்துப்போக ஊசி போட்டுப் பார்த்தவரையே பிடித்த நஞ்சு... யார் இந்த டாக்டர் ஹால்ஸ்டெட்?

பல்லைப் பிடுங்கும் முன் டாக்டர் ஒரு ஊசி போடுவார். கொஞ்ச நேரத்தில் தாடை மரத்துப்போகும், வலி தெரியாது. இப்படி நரம்பைக் குறிபார்த்து ஊசி போடும் முறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அந்த மருந்துக்கு முதலில் பலியானவர்களில் ஒருவரும் அவரேதான்.

யார் இவர்?

1852-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். யேல் கல்லூரியில் படித்தபோது கால்பந்து அணியின் கேப்டன். 1877-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஐரோப்பாவில் பயிற்சி முடித்து நியூயார்க் திரும்பியதும் அசராமல் உழைக்கும் சர்ஜன் எனப் பெயர் எடுத்தார்.

ஊசி எப்படி வந்தது?

1884-ல் வியன்னாவைச் சேர்ந்த இளம் டாக்டர் கார்ல் கொல்லர், கோகைன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போவதைக் கண்டுபிடித்தார். செய்தி அமெரிக்காவுக்கு வந்ததும் ஹால்ஸ்டெட் ஒரு படி மேலே போனார். சொட்டு விடுவதற்குப் பதிலாக, நரம்புக்குப் பக்கத்திலேயே ஊசி போட்டால் என்ன? நண்பர்களும் அவரும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். தாடை நரம்பு மரத்தது. முறை ஜெயித்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

கோகைன் அடிமையாக்கும் என்பது அப்போது பலருக்குத் தெரியாது. பரிசோதனைக்காகப் போட்ட ஊசி, இல்லாமல் முடியாது என்ற நிலைக்குக் கொண்டுபோனது. 1885-ல் அவர் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியமே தலைகால் புரியாமல் நீண்டது. கூடவே பரிசோதித்த சில டாக்டர்களின் வாழ்க்கை சீரழிந்தது.

சிகிச்சையே சிக்கல் ஆனது

1886-ல் பிராவிடன்ஸ் நகரின் பட்லர் மருத்துவமனையில் சேர்ந்தார். கோகைன் பழக்கத்துக்கு அன்று சரியான மருத்துவம் கிடையாது. கோகைனை விட வைக்க மார்பின் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஒரு நஞ்சை விரட்ட இன்னொரு நஞ்சு! அந்த மார்பின் அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஆனாலும் நண்பர் வில்லியம் வெல்ச் கை கொடுத்தார். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை சர்ஜன் ஆனார். கிருமிநாசினியால் கை புண்ணான நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்காக ரப்பர் கையுறை செய்ய வைத்தார்; பிறகு அவரையே மணந்தார். இன்று ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் போடும் கையுறைக்கு இதுதான் தொடக்கம். இளம் சர்ஜன்களைப் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் முறையையும் அவரே வகுத்தார். 1922-ல் இறந்தார். அவர் மார்பின் பழக்கத்தை விடவில்லை என்பதை, சக டாக்டர் வில்லியம் ஆஸ்லர் எழுதி வைத்த ரகசியக் குறிப்பு 1969-ல்தான் வெளியே சொன்னது.

இன்று ஊசிக்குப் பயப்படணுமா?

அடிமையாகும் பயம் வேண்டாம். கோகைனுக்குப் பதில் 1905-ல் புரோகைன், 1943-ல் லிக்னோகைன் என மாற்று மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் அளவு மிஞ்சினாலோ, தவறி ரத்தக் குழாய்க்குள் போனாலோ ஆபத்து உண்டு. உதட்டைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல் வரலாம். மோசமானால் வலிப்பு வரலாம், இதயமே நின்றுபோகலாம்.

இதற்கு இன்று மருத்துவம் இருக்கிறது. ஊசியை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, வலிப்பை அடக்கி, 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தக் குழாய் (சிரை) வழியாக ஏற்றுவார்கள். எலிகளில் இது பலன் தருவதை அமெரிக்க டாக்டர் கை வைன்பெர்க் குழு 1998-ல் காட்டியது. 2006-ல், நின்றுபோன ஒரு நோயாளியின் இதயத்தை இந்த முறை மீட்டது பதிவானது.

ஊசி போட்டதும் வாயில் வித்தியாசமான சுவையோ, தலைசுற்றலோ தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஹால்ஸ்டெட் காலத்தில் சொன்னாலும் மருந்து இல்லை. இப்போது இருக்கிறது.