சுவரிலிருந்து இல்லத்திற்கு: ஓவியர் இராஜா இரவிவர்மா

நுழையும்முன்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழமையான அரண்மனை ஒன்று உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனை அது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. இன்று எவரும் நுழைவுச்சீட்டு பெற்று அவற்றைக் காணலாம். மன்னர் காலத்தில் அந்நிலை இல்லை. சுவரோவியம் இருந்த இடத்தைவிட்டு நகராது; அரண்மனைக்குள் செல்ல இயலாதவருக்கு அதன் அழகும் எட்டாது. அரண்மனைக்குள் அடங்கியிருந்த ஓவியக் கலையை எளியோர் இல்லங்களுக்குக் கொண்டுசேர்த்தவர் ஒருவர் அதே கேரள மண்ணில் தோன்றினார். அவரே இராஜா இரவிவர்மா.

இளமைப் பருவம்

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். தந்தை நீலகண்டன் பட்டத்திரி வடமொழிப் புலமை மிக்கவர். தாய் உமையம்பா தம்புராட்டி கவிதை இயற்றும் ஆற்றல் பெற்றவர். சிறுவன் இரவிவர்மா கரித்துண்டு கிடைத்தால் போதும், வீட்டுச் சுவரெங்கும் விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்துவிடுவார். சுவர் அழுக்காயிற்று என்று மற்றவர்கள் கடிந்துகொள்ள, தாய்மாமன் இராஜராஜவர்மா மட்டும் அக்கோடுகளில் மறைந்திருந்த திறமையைக் கண்டார். தஞ்சாவூர் ஓவிய முறையில் தேர்ந்த அவரே மருமகனுக்கு முதல் ஆசிரியரானார்.

கற்றலில் தடை

1862ஆம் ஆண்டு, பதினான்கு வயதுச் சிறுவனை மாமா திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். ஆயில்யம் திருநாள் மன்னர் அவருடைய திறமையைக் கண்டு அங்கேயே தங்கிப் பயில ஏற்பாடு செய்தார். அக்காலத்தில் எண்ணெய் வண்ண ஓவியம் இந்தியாவில் மிகச் சிலரே அறிந்த கலை. அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு அக்கலையில் வல்லவர். ஆனால், அதன் நுட்பங்களை இளைஞருக்குக் கற்பிக்க அவர் முன்வரவில்லை. அவரிடம் பயின்றுவந்த ஆறுமுகம் பிள்ளை இரவு வேளைகளில் வந்து, தமக்குத் தெரிந்தவற்றை இரவிவர்மாவுக்கு உணர்த்தினார் என்பர். 1868ஆம் ஆண்டு தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். இரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கண்ணால் கண்டதைத் தனிமையில் திரும்பத் திரும்ப வரைந்து, தம் தவறுகளைத் தாமே திருத்திக்கொண்டார்.

புகழ் வளர்ந்தது

1873ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்திற்கு ஆளுநரின் தங்கப்பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25. வியன்னாவில் நடந்த கண்காட்சியிலும் அவர் பரிசு பெற்றார். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் பதினான்கு புராண ஓவியங்களை வரைந்து தருமாறு வேண்டினார். எந்த நாட்டு உடையில் புராண மாந்தரை வரைவது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடைகாண, இரவிவர்மா தம் தம்பி இராஜராஜவர்மாவுடன் வட இந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய பத்து ஓவியங்கள் இடம்பெற்றுப் பரிசு பெற்றன.

ஒன்று பலவாயிற்று

பரோடா ஓவியங்கள் அரண்மனைக்குள் செல்லுமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மக்கள் திரளாக வந்து கண்டு மகிழ்ந்தனர். ஆயினும், விரும்பிய அனைவருக்கும் ஓர் ஓவியரின் கையால் வரைந்து கொடுத்தல் இயலாத செயல். ஓர் ஓவியத்தை முடிக்கப் பல நாள்கள் தேவை. அதன் விலையோ செல்வர்க்கே உரியது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், ஓவியங்களை ஐரோப்பாவில் அச்சிட்டுப் பரப்பலாம் என முன்னரே அறிவுரை கூறியிருந்தார். இரவிவர்மா ஒருபடி மேலே சென்றார்; இந்தியாவிலேயே அச்சகம் அமைக்கத் துணிந்தார். 1894ஆம் ஆண்டு, ஒரு வணிகரைக் கூட்டாளியாகக் கொண்டு பம்பாயில் கல்லச்சுக்கூடத்தைத் தொடங்கினார். இயந்திரங்களும் தொழில்நுட்பம் அறிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தனர்.

கல்லச்சு பொறுமையை வேண்டும் தொழில். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப்பசை உள்ள மையால் படத்தை வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். எண்ணெயும் நீரும் ஒட்டா. எனவே, அச்சுமை வரைந்த இடத்தில் மட்டுமே படியும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் மாற்றி மாற்றி, கோடு விலகாமல் அச்சிட்டால்தான் முழுப் படம் கிடைக்கும். இவ்வாறு அங்கு முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு. பின்னர், இலக்குமி, சரசுவதி படங்கள் நாடெங்கும் பரவின. கோயிலுக்குள் நுழையவே பலருக்கு உரிமை மறுக்கப்பட்ட காலம் அது. திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டில்தான் இந்துக்கள் அனைவருக்கும் ஆலய நுழைவு உரிமை கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவரும் இறைவனின் திருவுருவைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டி வணங்க இப்படங்கள் வழிசெய்தன.

தொழிலின் சோதனை

படங்கள் விற்றன, ஆயினும், அச்சகம் செழிக்கவில்லை. தூரிகையைத் திறம்படக் கையாண்ட கைகளுக்கு வரவுசெலவுக் கணக்கு எளிதில் பிடிபடவில்லை. இயந்திரச் செலவும் கூலியும் கடனைப் பெருக்கின. 1896ஆம் ஆண்டு பம்பாயில் பரவிய கொள்ளைநோய் நகரின் தொழில்களை முடக்கியது. அனுமதியின்றிப் பிறர் அவருடைய படங்களைப் படியெடுத்து விற்றனர். அச்சகம் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மலவ்லிக்கு மாற்றப்பட்டது. அங்கும் கடன்சுமை தீரவில்லை. இறுதியில், தாம் அரும்பாடுபட்டு உருவாக்கிய அச்சகத்தை, அங்குப் பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கருக்கே இரவிவர்மா விற்றார். புதிய உரிமையாளரின் கீழ் நாள்காட்டிகள், அஞ்சலட்டைகள், விளம்பரப் படங்கள் எனத் தொழில் விரிவடைந்தது. கலைஞர் தொடங்கிய பணி நிலைத்தது. அதன் வருவாய் மட்டும் அவரை வந்தடையவில்லை.

இறுதிக் காலம்

1904ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப்பதக்கம் அளித்தது. அடுத்த ஆண்டே, வாழ்நாள் முழுதும் உடனிருந்து உழைத்த தம்பி மறைந்தார். அத்துயரம் அவரை வாட்டியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மா கிளிமானூரில் காலமானார். அவருடைய ஓவியங்களில் ஐரோப்பியச் சாயல் மிகுதி எனக் குறைகூறியோரும் உண்டு. எனினும், அவர் திறந்த வழி அடைபடவில்லை. தமிழகத்தில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் நாள்காட்டிகளாக அச்சாகி வீடுதோறும் சென்றன. உறவினர்க்கு அஞ்சலில் அனுப்பிய பொங்கல் வாழ்த்து அட்டைகளும் அவ்வழியில் மலர்ந்தவையே. கையால் ஒருமுறை வரைந்தது ஆயிரம் இல்லங்களை அடையலாம் என்பதை இரவிவர்மாவின் வாழ்வு காட்டுகிறது. கலையோடு கணக்கும் கற்கவேண்டும் என்பதையும் அதுவே உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

இசைதல் – உடன்படுதல்
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
மாந்தர் – மக்கள்
சாயல் – தோற்ற ஒப்புமை

மதிப்பீடு

1. இரவிவர்மாவின் திறமையை முதலில் உணர்ந்தவர் யார்?
2. எண்ணெய் வண்ண ஓவியத்தை அவர் எவ்வாறு கற்றார்?
3. கல்லச்சு முறையை ஐந்து வரிகளில் விளக்குக.
4. அச்சகம் நலிவடைந்ததற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

செய்து பார்க்க

பொங்கல் அல்லது ஓணம் வாழ்த்து அட்டை ஒன்றைக் கையால் செய்க. தாள், வண்ணம், உறை ஆகியவற்றின் செலவையும், செய்ய எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறித்துக்கொள்க. இதேபோல் இருபது அட்டைகள் செய்து பள்ளிக் கண்காட்சியில் விற்பதாயின், ஓர் அட்டைக்கு என்ன விலை வைப்பீர்கள்? காரணத்துடன் எழுதுக.